பெஸ்ட்டுக்காரரும் மூன்று கூறு வெள்ளரியும்

எனக்கு வயது எண்பத்தொன்பது. வளர்த்தது ஏழு பேரை. நான்கு நான் பெற்றவை, மூன்று என் நாத்தனார் கண்ணை மூடும்போது என் மடியில் விட்டுப் போனவை. ஏழில் யார் எதைப் பெற்றது என்று எங்கள் தெருவில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சமயத்தில் எனக்கே குழம்பும். எழுத்து விஷயத்தில் நான் மெதுவான ஆள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை நான் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி பொன்னி எழுதுகிறாள். கல்லூரியில் படிக்கிறவள். நான் சொல்வதை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று எதையாவது சேர்த்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்றுதான் சொல்வேன். நிறையத் தெரியாது. மூன்று மூன்றாகத் தெரியும். பேரன் வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். படித்த பிள்ளைகள் எல்லாம் இலைக்கு முன்னால் வாயைத் திறக்காமல் நின்றார்கள். நான் பேரன்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு, "டால், டாலர், டாலெஸ்ட்" என்றேன். அந்த மனிதர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு அப்பளம் எனக்குத்தான் முதலில் வந்தது.

இந்த இங்கிலீஷை எனக்குக் கொடுத்தவர் பெஸ்ட்டுக்காரர். அரியலூரில் பிறந்தவர், பிழைக்க வந்தவர், ரயிலில் ஊரைக் கடந்து போனவர் என்று யாரை வேண்டுமானாலும் கூட்டி வாருங்கள். ஒரே ஒரு கத்தரிக்காய் வாங்குவதற்கு அவர் பட்ட பாட்டை இந்த உலகத்தில் எந்த மனிதனும் பட்டிருக்க மாட்டான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. திருச்சியில் ஒரு ரயில்வே துரையின் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை கப்பலேறிப் போனபோது பழைய கோட்டு ஒன்றையும் கொஞ்சம் இங்கிலீஷையும் இவரிடம் விட்டுவிட்டுப் போனார். இரண்டையும் இவர் ஒரு நாளும் கழற்றியதில்லை. பங்களாவில் கரண்டி என்றால் மூன்று அளவு, தட்டு என்றால் மூன்று அளவு, கத்தியும் அப்படியே. அவற்றை அடுக்கிய அலமாரிக்கு முன்னால் இருபது வருஷம் நின்ற மனிதருக்கு உலகமே மூன்று தட்டாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அவர் சட்டம் இதுதான். ஒரு பொருளைத் தனியாகப் பார்த்து அதை உசத்தி என்று சொல்லக் கூடாது. இரண்டு இருந்தால் எது தேவலை என்று சொல்லலாம். மூன்று இருந்தால்தான் எது எல்லாவற்றையும்விட உசத்தி என்று சொல்லலாம். கத்தரிக்காய்க்காரியிடம் போய் மூன்றை எடுத்து வரிசையாக வைத்து, குனிந்து பார்த்து, இடம் மாற்றி வைத்து, மறுபடி குனிந்து பார்ப்பார். வேண்டியது ஒன்றுதான். அதற்குள் மற்ற காய்கள் வெயிலில் வதங்கிவிடும். உடம்பு எப்படி இருக்கிறது என்று வழியில் கேட்டுவிட்டால் போயிற்று. முந்தாநாள் எப்படி இருந்தது, நேற்று எப்படி இருந்தது என்று இரண்டையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இன்றைக்கு வருவார். கேட்டவர் பாதியில் நழுவியிருப்பார்.

ஸ்டேஷனுக்கு எதிரில் கீற்றுக் கொட்டகை போட்டுக் காபிக்கடை வைத்திருந்தார். அங்கே மூன்று காபி. குட் காபி, பெட்டர் காபி, பெஸ்ட்டு காபி. விலையும் மூன்று. மூன்றும் ஒரே அடுப்பில் ஒரே பாத்திரத்திலிருந்துதான் வரும். குட் காபி தகரக் குவளையில் வரும். பெட்டர் காபி கண்ணாடித் தம்ளரில் வரும். பெஸ்ட்டு காபி எல்லாவற்றையும்விடப் பெரிய தம்ளரில் வரும். அதோடு அதைக் குடித்து முடிக்கும்வரை அவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்படி ஒருவர் நின்று பார்க்கும்போது காபி எப்படித் தொண்டையில் இறங்கும். பாதிப் பேர் அவர் நிற்கக் கூடாது என்பதற்காகவே குட் காபி கேட்டார்கள்.

ஒரு தடவை அரும்பாவூர்ப் பக்கம் அவருக்குப் பெண் பார்த்தார்கள். இது நான் நேரில் பார்த்ததில்லை, கூடப் போன கட்டை வண்டிக்காரர் சொன்னது. பெண் வந்து விளக்குக்குப் பக்கத்தில் நின்றாள். லட்சணமான பெண். பெண்ணின் தகப்பனார், பிடித்திருக்கிறதா என்று கேட்டார். நம்ம ஆள் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னாராம்:

"பொண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க. மத்த ரெண்டையும் வரச் சொல்லுங்க."

தகப்பனார் அரிவாளை எடுக்கப் போனார். இவர் ஓடிக்கொண்டே, தான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, பெண்ணை பெஸ்ட்டு என்று சொல்வதற்குத்தான் கேட்டேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்து விளக்கம் சொன்னாராம். ஓடுகிறவர் பேசாமல் ஓடியிருந்தால் கோட்டின் முழங்கையாவது மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகு யாரும் அவருக்குப் பெண் பார்க்கவில்லை. சாவு வீட்டுக்கும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தெற்குத் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, ஒப்பாரி வைத்து ஓய்ந்த மருமகளிடம் போய், போன மாதம் மேலத் தெருவில் அழுததைவிட இது பெட்டர் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பிறந்தது குன்னம் பக்கம், பருத்திக் காட்டில். வாழ்க்கைப்பட்டது அரியலூரிலிருந்து நடந்து போகும் தூரத்தில். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் அஸ்ஸாம் பக்கம் பட்டாளத்துக்கு ரோடு போடும் கூலியாகப் போய்விட்டார். போனவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். வானம் பொய்த்துவிட்டது. கிணற்றில் ஊறிய கொஞ்சம் தண்ணீரை இறைத்து நான்கு பாத்தி வெள்ளரி போட்டிருந்தேன். அந்த வெள்ளரி விற்றால் உலை கொதிக்கும், விற்காவிட்டால் இல்லை. சந்தையில் விற்கலாமே என்பீர்கள். சந்தையில் எல்லாரிடமும் வெள்ளரி இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. தாகத்தோடு வந்து இறங்குகிறவர்கள் ரயில்காரர்கள் மட்டும்தான். அதிலும் பட்டாள ரயில். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிறவரை நிற்கும். பெட்டி பெட்டியாகச் சிவந்த முகங்கள் ஜன்னலில் தொங்கும். பிளாட்பாரத்தில் கூடைக்காரப் பெண்களான எங்களுக்குக் கிடைத்த இடம்தான் எனக்குச் சோறு.

எங்கள் பக்கம் விற்பது கூறு கட்டி. உங்களில் பட்டணத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். காயையோ பழத்தையோ சின்னச் சின்னக் குவியலாக வைப்போம். ஒவ்வொரு குவியலும் ஒரு கூறு. எல்லாக் கூறும் ஒரே விலை. அதனால் எல்லாக் கூறிலும் பெரியதும் சிறியதும் கலந்து சமமாக இருக்க வேண்டும். அதுதான் நியாயம். வாங்குகிறவர் கூறைக் காட்டலாம், கூறில் கை வைத்துப் பொறுக்கக் கூடாது. பொறுக்கினால் கையில் ஒரு தட்டுத் தட்டுவது விற்கிறவளின் உரிமை.

பட்டாளத்துக்காரனுக்கு இது எப்படித் தெரியும். ஒரு நாள் ஒரு சோல்ஜர் வந்து செல்லத்தா அக்காவின் கொய்யாக் கூறிலிருந்து பெரிய பழத்தை மட்டும் உருவினான். செல்லத்தா அக்கா எங்கள் எல்லாருக்கும் மூத்தவள், மூன்று பெண்ணைக் கட்டிக்கொடுத்தவள், பேச்சில் யாரையும் விட்டு வைக்காதவள். அவனுடைய புறங்கையில் பளீரென்று ஒன்று வைத்தாள். அவன் கத்த, பெட்டியிலிருந்து இன்னும் பத்துப் பேர் இறங்க, அவர்கள் அதிகாரி விசிலை ஊத, கூடைகள் உருள, ரயில் நேரம் தவறிப் புறப்பட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அடுத்த பட்டாள ரயிலுக்கு அவரே பிளாட்பாரத்தில் நிற்கப் போவதாகச் சொன்னார். டவுனில் பழக்கடை வைத்திருக்கும் காண்ட்ராக்டர் பிளாட்பாரத்தைத் தனக்கே கொடுக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார், இங்கிலீஷ் பேசும் குமாஸ்தாவும் வைத்திருக்கிறார், அன்றைக்கு அவரும் வந்து விற்பார் என்றார்.

"ஒரு சண்டை, ஒரு சத்தம் கேட்டாப் போதும். அப்புறம் உங்க கூடை எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கந்தான்."

வேலிக்கு அந்தப் பக்கம் என்றால் ரயிலின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. நாங்கள் காபிக்கடை வாசலில் வந்து உட்கார்ந்தோம். நான் அழுதேன். செல்லத்தா அக்கா அழவில்லை, சோல்ஜரின் வம்சத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பெஸ்ட்டுக்காரர் கோட்டோடு வெளியே வந்தார். இருபது வருஷம் சேர்த்து வைத்த இங்கிலீஷை அதுவரை அந்த ஊரில் ஒருவரும் கேட்டு வாங்கியதில்லை. அவர் முகத்தில் அன்றைக்கு ஒரு களை.

"அவன் திருடன் இல்லம்மா. பெரிசு வேணும்னு கேக்கிறான். நீங்க பெரிசையும் சின்னதையும் கலந்து ஒளிச்சு வச்சா அவன் என்ன பண்ணுவான்? மூணாப் பிரிங்க. நான் மூணு வார்த்தை கத்துத் தரேன். காட்டுங்க, சொல்லுங்க, வாங்கட்டும்."

"ஏம்ப்பா பெஸ்ட்டு, பெரிசை எல்லாம் தனியா வச்சுட்டா சின்னதை எவன் வாங்குவான்? உன் அடுப்புல போட்டுக்கிறியா?" என்றாள் செல்லத்தா அக்கா.

அவள் கேட்டது நியாயம். ஆனாலும் வேறு வழி இல்லாததால் உட்கார்ந்தோம். வெயில் தாழ்ந்த பிறகு கடைக்குப் பின்னால் பாடம். வருகிறவர்கள் எதிலாவது மூன்று கொண்டு வர வேண்டும் என்பது கட்டளை. நான் மூன்று வெள்ளரி கொண்டு போனேன். ஒருத்தி மூன்று செம்பு கொண்டு வந்தாள். ஒருத்தி ஒன்றும் கிடைக்காமல் தெரு நாய் மூன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவை "பிக், பிக்கர்" வரை நின்றன, "பிக்கஸ்ட்" வருவதற்குள் ஓடிவிட்டன.

சொல்லின் வாலில் "அர்" ஒட்டினால் ஒன்றைவிட ஒன்று தேவலை, "எஸ்ட்" ஒட்டினால் எல்லாவற்றுக்கும் மேல். ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலெஸ்ட். ஸ்வீட், ஸ்வீட்டர், ஸ்வீட்டெஸ்ட். நாங்கள் மடமடவென்று பிடித்துக்கொண்டோம். உடனே "குட், குட்டர், குட்டெஸ்ட்" என்று பாடினோம். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, வீட்டில் எல்லாப் பிள்ளையும் சொன்ன பேச்சைக் கேட்குமா, கேட்காத பிள்ளை ஒன்று இரண்டு இருக்கும், குட் அப்படிப்பட்ட பிள்ளை, அது குட், பெட்டர், பெஸ்ட்டு என்றுதான் போகும், அடித்தாலும் மாறாது என்றார். நீளமான சொல்லுக்கு வால் தாங்காதாம். அதற்குத் தலையில் முண்டாசு கட்ட வேண்டுமாம். பியூட்டிஃபுல், மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட் பியூட்டிஃபுல். எனக்கு அந்த முண்டாசு ரொம்பப் பிடித்தது.

பேட் என்ற சொல்லும் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைதான். பேட், வொர்ஸ், வொர்ஸ்ட். கெட்டது மூன்றுக்கு எங்கே போவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் செல்லத்தா அக்கா, விருந்துக்கு வந்திருந்த தன் மூன்று மருமகன்களையும், சந்தைக்குப் போகலாம் என்று சொல்லிக் கூட்டி வந்து கடைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினாள்.

"இது மூத்தது, பேட்டு. இது நடுவுலது, வொர்ஸு. கடைக்குட்டி இருக்கே, இதுதான் வொர்ஸ்ட்டு."

மூன்று மருமகன்களும் மாமியார் தங்களை இங்கிலீஷில் பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். கடைசி மருமகன் தனக்கு நீளமான பட்டம் கிடைத்ததில் ஊர்போய்ச் சேரும்வரை மகிழ்ச்சியாக இருந்தான். பெஸ்ட்டுக்காரர், தன் வாழ்நாளில் இப்படிப் பாடம் புரிந்துகொண்ட மாணவியைப் பார்த்ததில்லை என்றார். பார்த்தது மொத்தம் எங்களை மட்டும்தான் என்றாலும்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை வந்தது. என் மூன்று வெள்ளரியை அவர் வரிசையாக வைத்தார். சின்னது குட். நடுவில் உள்ளது பெட்டர். பெரியது பெஸ்ட்டு. நான் எழுந்துபோய்த் திருப்பி வைத்தேன்.

"என்ன தங்கச்சி பண்றே?"

"பெரிசு முத்தல், அண்ணே. விதை பல்லுல நிக்கும், கசக்கும். பிஞ்சுதான் ஒசத்தி."

"துரை மேசைக்குப் பெரிசுதான் போவும். இருபது வருஷமா நான் வச்சிருக்கேன்."

"துரைக்கு மாம்பழம் வச்சிருப்பீங்க. வெள்ளரி வச்சீங்களா?"

அவர் மூன்றையும் தன் பக்கம் இழுத்தார். மறுபடி தன் வரிசைப்படி வைத்தார். நான் மறுபடி திருப்பினேன். அளவில் பெரிது என்பது ஒரு வரிசை, ருசியில் உசத்தி என்பது வேறு வரிசை, இரண்டையும் ஒன்றாகக் கட்டக் கூடாது என்று என் புத்திக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். மூன்று வெள்ளரியை வைத்துக்கொண்டு இருட்டும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடுக்கினோம். கடைசியில் அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் அவருடையதா என்னுடையதா என்று கேட்டார். இங்கிலீஷ் உங்களுடையது, வெள்ளரி என்னுடையது என்றேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மனசுக்குள் ஒரு பயம் இருந்தது. பேசத் தெரிந்த ஒரே மனிதரையும் கோபப்படுத்திவிட்டு நாளைக்கு யாரை வைத்துச் சமாளிப்பது.

பட்டாள ரயில் வந்தது. பிளாட்பாரத்தின் ஒரு பக்கம் காண்ட்ராக்டர். தள்ளுவண்டியில் பப்பாளி, வாழை, எல்லாம் ஆள் தலை அளவு. பக்கத்தில் குமாஸ்தா, கழுத்தில் டை. மறு பக்கம் நாங்கள், தரையில் கோணி விரித்து. ஒவ்வொருத்தி முன்னாலும் முதல் தடவையாக மூன்று கூறு, சிறியது தனி, பெரியது தனி. எங்களுக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். பெஸ்ட்டுக்காரர் தூணுக்குப் பின்னால், என்னைப் பார்க்காத மாதிரி.

முதல் சோல்ஜர் இறங்கி நேராக என்னிடம் வந்தான். ஆறடிக்குக் குறையாத உருவம், சின்னப் பையன் முகம். நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய கூறில் இருப்பதிலேயே பெரிய வெள்ளரியை எடுத்தான். கை தானாக அவன் புறங்கையை நோக்கி எழுந்தது. அதை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் ஒரு கடி கடித்தான். முகம் கோணியது. தண்டவாளத்தில் துப்பினான். எதையோ உரக்கச் சொன்னான். காண்ட்ராக்டர் சிரித்த சிரிப்பு இஞ்சின் வரைக்கும் கேட்டிருக்கும். ஸ்டேஷன் மாஸ்டர் என் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

எனக்கு வீட்டில் இருக்கிற இரண்டு பிள்ளைகளின் முகம் வந்தது. எழுந்து நின்றேன். அவன் கையிலிருந்த காயை நானே வாங்கி வைத்துவிட்டு, விரலளவு பிஞ்சு ஒன்றை எடுத்தேன். காம்புப் பக்கம் கிள்ளி, உப்புத் தொட்டு, அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பிக்கஸ்ட், நோ பெஸ்ட்டு. ஸ்மாலெஸ்ட், பெஸ்ட்டு."

அவன் பிஞ்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயில் போட்டான். மொறுக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் கேட்கிறேன். அவன் கண் அகலமாகி, ரயில் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினான்.

"ஸ்மாலெஸ்ட்!"

அப்புறம் நடந்ததைச் சொன்னால் பொன்னி நம்ப மாட்டேன் என்கிறாள். பெட்டிக்குப் பெட்டி "ஸ்மாலெஸ்ட், ஸ்மாலெஸ்ட்" என்று கேட்டுக் கை நீண்டது. முதலில் இறங்கி வந்தவனே நடுவில் நின்று மற்றவர்களை வரிசைப்படுத்தினான். பிஞ்சுக் கூறு தீர்ந்தது, நடுக் கூறு தீர்ந்தது. பிஞ்சு கிடைக்காதவர்கள் என் பெரிய வெள்ளரியையும் விடவில்லை, முகம் கழுவத் தேய்த்துக்கொண்டார்கள். மற்றப் பெண்களும் தைரியம் வந்து ஆளுக்கு ஒரு வரிசை சொன்னார்கள். கொய்யாவுக்கு ஸ்வீட்டெஸ்ட், இளநீருக்குக் கோல்டெஸ்ட். ஒருத்தி பதற்றத்தில் தன் முறுக்கை மோஸ்ட் பியூட்டிஃபுல் என்றாள். அதுவும் விற்றது. யாரும் யார் கூறிலும் கை வைக்கவில்லை. சோல்ஜர் சொல்லைச் சொன்னான், நாங்கள் எடுத்துக் கொடுத்தோம்.

எதிர்ப் பக்கம் குமாஸ்தா "குட் மார்னிங் ஜென்டில்மென்" என்று ஆரம்பித்து ஒரு நீண்ட பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இஞ்சின் தண்ணீர் பிடிப்பதற்குள் அவர் பப்பாளிக்கு வந்து சேரவில்லை. இத்தனை பெரிய பப்பாளியை ரயிலில் எதை வைத்து அறுப்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை. செல்லத்தா அக்கா காலியான கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டியைத் தாண்டும்போது, காண்ட்ராக்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் கடைசி மருமவனைத்தான் வொர்ஸ்ட்டுன்னு நெனச்சிருந்தேன். பாவம், அவன் வொர்ஸு."

ரயில் நேரத்துக்குப் புறப்பட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைக் காட்டிவிட்டு வந்தார். வேலிக் கதவைத் திறந்து, காண்ட்ராக்டரின் தள்ளுவண்டி வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். அது போதாதா எங்களுக்கு.

எல்லாரும் போன பிறகு தூணுக்குப் பின்னாலிருந்து பெஸ்ட்டுக்காரர் வந்தார். என் கோணியில் ஒரே ஒரு பிஞ்சு மிஞ்சியிருந்தது. கிள்ளி, உப்புத் தொட்டுக் கொடுத்தேன். நின்றபடியே மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"இன்னும் ரெண்டு இருக்கா, தங்கச்சி?"

"இல்லைங்கண்ணே. இதுதான் கடைசி."

"அப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா," என்று விரலில் ஒட்டிய உப்பை நக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரே கொண்டாடுகிறது, இந்த மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்று இரவெல்லாம் முணுமுணுத்தேன். மறுநாள் காலையில் காபிக்கடைப் பக்கம் போனேன். குட் காபி பெரிய தம்ளரில் இருந்தது. பெட்டர் காபி நடுத் தம்ளரில் இருந்தது. பெஸ்ட்டு காபி, இருப்பதிலேயே சின்னத் தம்ளரில் ஆவி பறக்க இருந்தது. வழக்கமாகக் குடிக்கிற ஒருவர், காசு அதிகம், காபி குறைச்சல், இது என்ன அநியாயம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பிக்கஸ்ட் வேற, பெஸ்ட்டு வேறங்க," என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார் நம்ம ஆள், என்னைப் பார்க்காத மாதிரியே.

யுத்தம் முடிகிறவரை அந்தப் பிளாட்பாரம் எங்களுடையதாக இருந்தது. வெள்ளரி முடிந்தால் சீத்தாப்பழம், அது முடிந்தால் கடலை. என் உலை ஒரு நாளும் அணையவில்லை. என் வீட்டுக்காரர் இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தபோது, பிள்ளைகள் இரண்டும் கொழுகொழுவென்று இருந்ததைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பிறந்தவை இரண்டு, வந்து சேர்ந்தவை மூன்று. எல்லாரையும் நிமிர்த்திவிட்டேன். அத்தனைக்கும் அடியில் மூன்று கூறு வெள்ளரி இருக்கிறது.

பட்டாள ரயில் நின்ற பிறகு காபிக்கடையில் கூட்டம் குறைந்தது. விழுப்புரம் பக்கம் இருந்த அக்கா வீட்டுக்குப் போவதென்று பெஸ்ட்டுக்காரர் முடிவு செய்தார். வழியனுப்ப நாங்கள் எல்லாரும் போனோம். ஒரு ரயில் வந்து நின்றது. காலியாக இருந்தது. அவர் நான்கு பெட்டியைப் பார்த்துவிட்டு, ஏறாமல் வந்து எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டார். வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவது வந்தபோது அதில் கால் வைக்க இடமில்லை. கோட்டு ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம், தொங்கிக்கொண்டு ஏறினார். இதற்காகவா அந்த நல்ல ரயிலை விட்டீர்கள் என்று செல்லத்தா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மொதல் ரயில்தான் பெஸ்ட்டு," என்றார் கம்பியைப் பிடித்துக்கொண்டே, மிகவும் திருப்தியாக. "இப்பத்தான் தெரியுது."

அவர் மூட்டைக்குள் நான் பிஞ்சு வெள்ளரி வைத்திருந்தேன். மூன்றாக வைத்திருந்தேன். தின்றுவிட்டு என்ன சொன்னாரோ, ரயில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வாத்தியார்கள், ஆபீசர்கள், ஏழு சம்பந்தி வீட்டார். அவருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இன்னும் இரண்டு பேரைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு பேர் வேண்டாம், ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே அவர் சட்டப்படி, அவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது.

போதும் பொன்னி, பேனாவை மூடு. மொதல்லேருந்து ஒரு தடவை வாசிச்சுக் காட்டு, கேப்போம். மெதுவா வாசி, எனக்கு அவசரமில்லை.